புது ரேம் போட்டதிலிருந்து டிஸ்ப்ளே இல்லை, மஞ்சள் லைட் மட்டும் எரிகிறது. உதவுங்கள்

குரோம்பேட்டைக்காரன்:
வணக்கம். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நானே பார்ட்ஸ் வாங்கிப் பூட்டிய சிஸ்டம். ரைசன் 5 5600, நான்கு ரேம் ஸ்லாட் உள்ள பி450 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் ஒன்று. பிப்ரவரியில் பூட்டினேன், மூன்று மாதம் ஒரு குறை சொல்ல முடியாமல் ஓடியது. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், 8 ஜிபி போதவில்லை, டைம்லைனை இழுத்தாலே திணறுகிறது. சரி என்று போன சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு 8 ஜிபி வாங்கி வந்து போட்டேன்.

அவ்வளவுதான். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, கீபோர்டில் லைட் வரவில்லை, மானிட்டர் சிக்னல் இல்லை என்கிறது. போர்டின் மூலையில் டிராம் (DRAM, அதாவது ரேம்) என்று எழுதியிருக்கும் இடத்தில் குட்டியாக ஒரு மஞ்சள் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. புது ரேமை எடுத்துவிட்டால் பழைய ரேமோடு ஒழுங்காக ஆன் ஆகிறது. கடைக்குத் திரும்பப் போனேன், அவர்கள் சிஸ்டத்தில் போட்டுக் காட்டினார்கள், அங்கே வேலை செய்கிறது! கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வேறு ஒன்று மாற்றியும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் அதே மஞ்சள் லைட். “உங்கள் போர்டு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டும் ஒரே கம்பெனியாக எடுங்கள்” என்கிறார்கள். உண்மையா? வெள்ளிக்கிழமை ஒரு ரிசப்ஷன் வீடியோ கொடுக்க வேண்டும், பெண் வீட்டார் தினமும் போன் செய்கிறார்கள்.

பட்டன்தட்டி:
ப்ரோ, ரப்பர் போட்டுத் தேயுங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான் வைத்தியம்.

திருவான்மியூர் காற்று:
ரப்பர் வைத்தியத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன், கடலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறவன் நான். எங்கள் வீட்டில் பழைய ரேமைக் கழற்றினால் தங்க நிற விளிம்பு மங்கிப் போய், ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்திருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். (தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது தனிக் கதை.) ஆனால் இவர் வாங்கி வந்தது புத்தம் புது ரேம், அதையும் மாற்றி இன்னொன்று கொடுத்தாகிவிட்டது. இரண்டு நாளில் பச்சை பூக்காது.

வேளச்சேரி வெள்ளம்:
மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டிலிருந்து எடுத்து மதர்போர்டில் சொருகிப் பாருங்கள்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
வேளச்சேரி தம்பி, 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி என்றால்தான் உண்டு. அவர் போர்டில் சொருகினால் நல்ல சிஸ்டத்திலும் கறுப்புத்தான் தெரியும்.

குரோம்பேட்டை தம்பிக்கு. நான் சர்வீஸ் வேலை பார்க்கிறவன், முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த மஞ்சள் லைட், போர்டு எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது என்று காட்டுகிறது. குற்றவாளி யார் என்று காட்டவில்லை. டிராம் லைட் எரிந்தால் ரேம் போயிற்று என்று அர்த்தமில்லை, ரேமோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். பேச முடியாமல் போக ரேம், ஸ்லாட், ப்ராசசர், பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) என்று நாலு பேரில் யாரும் காரணமாக இருக்கலாம்.

புது ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள்? நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். போர்டு புத்தகத்தில் ஏ2, பி2 என்று இருக்கும். ஒற்றை ரேம் என்றால் ஏ2.

இப்போது இதைச் செய்யுங்கள். பின்னால் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்தி மிச்ச கரண்டை இறக்குங்கள். பழைய ரேமை மட்டும் கையில் எடுங்கள், புதியதை மேசையில் வைத்துவிடுங்கள். பழையதை நாலு ஸ்லாட்டிலும் ஒவ்வொன்றாகப் போட்டு ஆன் செய்யுங்கள், எது வந்தது, எது வரவில்லை என்று பேப்பரில் எழுதுங்கள். பிறகு புதியதை வைத்து அதே மாதிரி. சில போர்டில் கிளிப் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும், அசையாத பக்கத்தில் ரேம் அரை மில்லி தூக்கிக்கொண்டு நின்றாலே லைட் எரியும், இரண்டு பக்கமும் அழுத்தி “டிக்” சத்தம் கேளுங்கள். தொடங்கும் முன் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை (சிஆர்2032 என்று போட்டிருக்கும்) ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் போடுங்கள், பயாஸ் பழைய நிலைக்குப் போகும்.

குரோம்பேட்டைக்காரன்:
ஏ2, பி2இல்தான் போட்டிருந்தேன் அண்ணாச்சி, புத்தகம் பார்த்துத்தான். நீங்கள் சொன்னபடி பேட்டரி கழற்றிப் போட்டு, உட்கார்ந்து எட்டு தடவையும் முயன்று பார்த்துவிட்டேன், கட்டை விரல் வலிக்கிறது. பழைய ரேம் ஏ1இல் வருகிறது, ஏ2இல் வருகிறது, பி1இல் இல்லை, பி2இல் இல்லை. புது ரேமும் அச்சு அசலாக அப்படியே. ஏ1, ஏ2 இரண்டிலும் ஒவ்வொன்று போட்டால் 16 ஜிபி காட்டிக்கொண்டு ஆன் ஆகிறது! இது என்ன கூத்து?

பட்டன்தட்டி:
ஆன் ஆகிறதே, அப்படியே விட்டுவிடுங்கள் ப்ரோ. ரிசப்ஷன் முக்கியம்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
பட்டன் தம்பி சொல்வதுபோல வெள்ளிக்கிழமை வரை தள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது ஒற்றை சானல், அதாவது இரண்டு ரேமும் ஒரே பாதையில், ரேம் வேகத்தில் பாதி வழி அடைத்துக் கிடக்கிறது.

கூத்து இல்லை தம்பி, நல்ல சேதி. உங்கள் இரண்டு ரேமும் நல்ல ரேம், கடைக்காரரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஏ1, ஏ2இல் ஒன்றாக ஓடாது. பி பக்கம் முழுவதும் செத்திருக்கிறது. இரண்டு ஸ்லாட்டும் ஒரே நாளில் தற்செயலாகக் கெடாது, இரண்டுக்கும் பொதுவான இடத்தில் சிக்கல். அந்தக் காலத்தில் ரேமைக் கட்டுப்படுத்துகிற வேலை மதர்போர்டு சிப்பில் இருந்தது. ஏஎம்டி அதை 2003இல் அத்லான் 64 வந்தபோதே ப்ராசசருக்குள் கொண்டுபோய்விட்டது. பி சானல் கம்பிகள் எல்லாம் நேராக ப்ராசசரின் அடியில் ஊசிபோல இருக்கும் கால்களுக்குத்தான் போகின்றன.

அதனால் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ரேம் போட்ட அன்றைக்கு வேறு எதைத் தொட்டீர்கள்?

குரோம்பேட்டைக்காரன்:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தது பாதி, வெட்கம் பாதி.

அன்றைக்கே கூலரும் மாற்றினேன். இந்தக் கத்திரி வெயிலில் ரெண்டர் போட்டால் 90 டிகிரியைத் தொடுகிறது, மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏசி கிடையாது. ரேம் வாங்கிய கையோடு உயரமான டவர் கூலர் ஒன்றும் வாங்கினேன். பழைய கூலர் கழற்றும்போது ப்ராசசரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, வரவே இல்லை, நேராக மேலே ஒரு இழு இழுத்தேன், “டக்” என்று பல் பிடுங்கினதுபோல ப்ராசசரும் கூலரோடேயே வந்துவிட்டது. ப்ராசசரைப் பிடிக்கும் சாக்கெட் லீவர் பூட்டியேதான் இருந்தது. பயந்துபோய், நடுவில் தடவியிருந்த வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து, மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் பார்த்துத் திரும்ப வைத்தேன். முதலில் சரியாக உட்காரவில்லை, லேசாக அழுத்தினேன், உட்கார்ந்தது. ஆன் ஆனதும் தப்பித்தோம் என்று நினைத்தேன். சொல்லப்போனால் அன்றைக்கு வரைக்கும் பி பக்கத்தில் நான் ரேமே போட்டதில்லை.

ஸ்பேனர் அண்ணாச்சி:
லேசாக அழுத்தினேன் என்றீர்களே, அங்கேதான். ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசசர் தானாக விழ வேண்டும், ஒரு கிராம்கூட அழுத்தக் கூடாது. 1331 கால் இருக்கிறது அதில், ஒன்றோ இரண்டோ மடங்கியிருக்கும். பயப்படாதீர்கள், உடையவில்லை என்றால் நிமிர்த்தலாம்.

இந்தத் தடவை கூலரைக் கழற்றும் முன் சிஸ்டத்தை ஒரு கால் மணி நேரம் ஓட விட்டு பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். அணைத்து ஒயரைப் பிடுங்கி, ஸ்க்ரூவைத் தளர்த்திய பிறகு கூலரை மேலே இழுக்காதீர்கள், இடமும் வலமுமாக ஜாடி மூடி திருகுவதுபோலத் திருகுங்கள், தானாக வழுக்கும். அப்புறம் லீவரைத் தூக்கி ப்ராசசரை ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குக் கொண்டுபோய் வரிசை பாருங்கள், நாற்று நட்ட வயல்போல நேராகத் தெரியும், ஒன்று சாய்ந்திருந்தாலும் அந்த வரிசை அடைபட்டிருக்கும். நாலு பக்கத்திலிருந்தும் பாருங்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் இன்னும் நல்லது.

மடங்கிய காலை நிமிர்த்த மெக்கானிக்கல் பென்சில் போதும், உள்ளே இருக்கும் குச்சியை எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் காலை நுழைத்து மெதுவாக, ஒரே தடவையில் முழுவதும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முன்னும் பின்னும் ஆட்டினால் உடையும். கை நடுங்கினால் வேண்டாம், காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுச் செய்யுங்கள்.

திருவான்மியூர் காற்று:
இதனால்தான் அடுத்து வந்த ஏஎம்5இல் ப்ராசசரின் காலை எடுத்து சாக்கெட்டில் வைத்துவிட்டார்கள், 2022இலிருந்து. மேலே இரும்புச் சட்டம் பிடித்துக்கொள்கிறது, கூலரோடு பிய்த்துக்கொண்டு வராது. ஆனால் சாக்கெட்டில் கால் மடங்கினால் போர்டே போச்சு என்று அழ வேண்டியதுதான்.

குரோம்பேட்டைக்காரன்:
அண்ணாச்சி, கிடைத்துவிட்டது. முக்கோணத்துக்கு எதிர் மூலையில், ஓரத்திலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு கால் பக்கத்துக் காலின்மேல் படுத்துக்கிடந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை, போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. அதன் பக்கத்தில் இரண்டு கால் லேசாகச் சாய்ந்திருந்தன. அக்கா பையனின் பென்சிலை வாங்கி இருபது நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன், அம்மா மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். சாக்கெட்டில் வைத்தபோது நீங்கள் சொன்னதுபோலத் தானாக விழுந்தது, அந்தச் சத்தம் இருக்கிறதே!

ஏ2, பி2. 16 ஜிபி. இரட்டை சானல் என்று பயாஸ் காட்டுகிறது.

ஒரே ஒரு சந்தேகம். எக்ஸ்எம்பி (ரேமை ஸ்டிக்கரில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்தால் விண்டோஸ் வருகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. ஆஃப் செய்தால் 2666இல் நன்றாக ஓடுகிறது. இன்னும் கால் ஏதாவது கோணலா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
இது கால் இல்லை. இப்போதுதான் கடைக்காரர் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம். இரண்டு ரேம் ஸ்டிக்கரிலும் சிஎல் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதம்) என்று என்ன எண் இருக்கிறது, எத்தனை வோல்ட்?

குரோம்பேட்டைக்காரன்:
பழையது 3200, சிஎல்16, 1.35 வோல்ட். புதியது 3200, சிஎல்22, 1.2 வோல்ட். இரண்டும் 3200 என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். எக்ஸ்எம்பி ஆன் செய்தால் பழைய ரேமின் 16ஐப் புதியதன் தலையிலும் கட்டுகிறது, அதற்கு அவ்வளவு ஓட்டம் வராது. எக்ஸ்எம்பி வேண்டாம், கையால் 3200 போட்டு, சிஎல் 22, அதற்குப் பின்னால் வரும் இரண்டு எண்ணும் 22 வைத்து, வோல்ட் 1.35 கொடுங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம்தான், பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுவதும் ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த செட்டிங் வேண்டாம், ஒன்றுதானே என்று விட்டால் ரெண்டர் செய்த ஃபைலில் போய் உட்காரும்.

குரோம்பேட்டைக்காரன்:
நேற்று ராத்திரி பதினொன்றுக்குப் போட்டேன், காலை ஆறரைக்குப் பார்த்தேன், பிழை பூஜ்யம். ரிசப்ஷன் வீடியோ ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, 74 டிகிரி. கடைக்குப் போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ரொம்பப் பேசிவிட்டேன். அடுத்த வாரம் கிண்டியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கும்போது உங்களையும் பார்க்க முடியுமா அண்ணாச்சி? ஒரு காபி என் கணக்கு.

ஸ்பேனர் அண்ணாச்சி:
காபி வேண்டாம் தம்பி, பன்னீர் சோடா வாங்கிக் கொடுங்கள், இந்த வெயிலில்.

அம்பத்தூர் புதுசு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அதே மஞ்சள் லைட். நேற்றுப் பூட்டிய புது சிஸ்டம், ரைசன் 5 7600, டிடிஆர்5 16 ஜிபி இரண்டு. ஒரு நிமிடம் பார்க்கிறேன், டிஸ்ப்ளே வரவில்லை, அணைத்து மறுபடி போடுகிறேன், மறுபடி மஞ்சள். இதுவரை பத்து தடவை. எனக்கும் கால் மடங்கியிருக்குமா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
பத்து தடவையும் நீங்களே கெடுத்தீர்கள். டிடிஆர்5 முதல் தடவை ஆன் ஆகும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும், அதற்குச் சில நிமிடம் ஆகும், அதுவரை கறுப்புத்தான். பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆன் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கால் மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் ஒரே ரேமை ஏ2இல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

அம்பத்தூர் புதுசு:
ஆறு நிமிடம். வந்துவிட்டது.