புகலிடம் நிராகரிப்பு, 30 நாளில் வெளியேறச் சொல்லிக் கடிதம்: ரீயூனியனில் ஊராக என்ன செய்யலாம்?

சாந்தாந்திரே குமரன்:

வணக்கம். எங்கள் கோயில் அன்னதானத்துக்குக் கைகொடுக்கும் இலங்கைத் தம்பி ஒருவர், இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவுக்குப் படகில் வந்தவர். புகலிடக் கோரிக்கையைப் பார்க்கும் பிரெஞ்சு அலுவலகமான ஒஃப்ரா நிராகரித்தது, மேல்முறையீட்டில் புகலிட நீதிமன்றமான சே.என்.தே.ஆ.வும் கைவிரித்துவிட்டது. இப்போது அரசின் நிர்வாக அலுவலகமான பிரெஃபெக்சூரிலிருந்து, 30 நாளுக்குள் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிப் பதிவுத் தபால் வந்திருக்கிறது. கோயில் சங்கம், அக்கம்பக்கம், அவர் பிரெஞ்சு படிக்கும் வகுப்பு என்று எல்லோரும் சேர்ந்து தடுக்க நிற்கிறோம். கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். அதன் தலைவரான பிரெஃபேக்கு மனு எழுதுகிறோம். உள்ளூர் வானொலியிலும் பேசலாம் என்கிறார்கள்.

எதை முதலில் செய்ய வேண்டும்? அவர் உடம்பில் தழும்புகள் உண்டு, ஒஃப்ரா நேர்காணலில் அதைச் சரியாகச் சொல்லவில்லையாம். ஊரிலிருந்து சிங்களத்தில் ஒரு பொலிஸ் கடிதம் புதிதாக வந்திருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் திரட்ட வேண்டுமா?

மலர்விழி, சான் தெனி:

குமரன் அண்ணா, கையெழுத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பது நீதிமன்றக் கெடு.

அந்தக் கடிதத்தில் இரண்டு கணக்குகள் இருக்கும். 30 நாள் என்பது அவராகவே கிளம்பக் கொடுத்த அவகாசம். கட்டளையை எதிர்த்து சான் தெனி நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகும் கெடு வேறு. 2024 ஜூலை 15 முதல் இது மூன்று வகை: சாதாரணமாக ஒரு மாதம், ஓரிடத்தில் தங்கிப் பொலிஸில் கையெழுத்திடச் சொல்லியிருந்தால் 7 நாள், தடுப்பு மையத்தில் அடைத்துவிட்டால் 48 மணி நேரம். எது உங்களுக்குரியது என்பது கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

நாள் எப்போதிருந்து எண்ணப்படும் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தபால்காரர் வந்தபோது ஆள் இல்லை, சீட்டு வைத்துவிட்டுப் போனார் என்றால், தபாலகம் 15 நாள் கடிதத்தை வைத்திருக்கும். அதற்குள் போய் வாங்கினால் வாங்கிய நாள் கணக்கு. வாங்காமலே விட்டால், தபால்காரர் முதலில் வந்த நாளிலேயே கடிதம் கிடைத்ததாகக் கொள்வார்கள். பயந்து வாங்காமல் இருப்பவர்களின் கெடு அவர்களுக்கே தெரியாமல் தீர்ந்துவிடும். உறையையும் சீட்டையும் எறிய வேண்டாம்.

பிரெஃபேக்கு எழுதும் மனு இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. இலவசச் சட்ட உதவியையும் பிந்தாமல் வழக்கோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும். "பதில் வரட்டும்" என்று காத்திருந்தால் மாதம் போய்விடும், பிறகு எந்த வழக்கறிஞராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

கெடுவுக்குள் வழக்குப் பதிவாகிவிட்டால் தீர்ப்பு வரும்வரை அவரை விமானத்தில் ஏற்ற முடியாது. மயோத்திலும் பிரெஞ்சுக் கயானாவிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை, ரீயூனியனில் உண்டு. வழக்கறிஞர் கிடைக்கத் தாமதமானால் சுருக்கமான ஒரு மனுவை முதலில் போட்டுவிட்டு விவரத்தைப் பிறகு சேர்க்கலாம். நிர்வாக நீதிமன்றங்களுக்கான "தெலெரெக்கூர் சித்துவாயென்" இணையதளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம். ஆனால் அந்தச் சுருக்க மனுவிலேயே இரண்டு விதக் காரணங்களையும் தொட்டுவிட வேண்டும்: கட்டளை எழுதப்பட்ட முறையில் உள்ள குறை ஒன்று, அதன் உள்ளடக்கத்தில் உள்ள தவறு ஒன்று. ஒரு வகையை மட்டும் எழுதினால், கெடு முடிந்த பின் மற்ற வகையைச் சேர்க்க விடமாட்டார்கள்.

முக்கியமான இன்னொன்று. அந்தக் கடிதம் ஒரே கட்டளைபோலத் தெரிந்தாலும் உள்ளே வெளியேறும் கட்டளை ஒன்று, எந்த நாட்டுக்கு அனுப்புவது என்ற முடிவு ஒன்று, சில சமயம் திரும்பி வரத் தடை ஒன்று இருக்கும். இலங்கை என்று குறித்த அந்த இரண்டாவது முடிவைத் தனியாக எதிர்க்க வேண்டும். சித்திரவதை ஆபத்து, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு எல்லாம் அங்கேதான் வேலை செய்யும். அதை விட்டுவிட்ட மனுக்கள் பாதி மனுக்கள்தான்.

பழைய மொழிபெயர்ப்பாளர்:

தழும்பைப் பற்றி. நிர்வாக நீதிபதி ஒஃப்ரா சொன்னதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். 3ஆம் பிரிவின் கீழ் புதிய சான்றுகளை அவர் தாமாகவே பார்க்கலாம். எனவே மருத்துவச் சான்றிதழ் இன்றியமையாதது. "நோயாளி இப்படிச் சொல்கிறார்" என்று மட்டும் எழுதிய ஒரு பக்கச் சான்றிதழால் பயனில்லை. ஒவ்வொரு தழும்பும் உடலில் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், என்ன வடிவம், சூடு வைத்ததா வெட்டா, அவர் சொல்லும் காரணத்தோடு அது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று மருத்துவர் எழுத வேண்டும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தூக்கமின்மை, நினைவு தடுமாற்றம் இருந்தால் மனநல மருத்துவரின் கடிதமும் வேண்டும். நேர்காணலில் தேதிகள் குழம்பியதற்கு அதுவே விளக்கம். காப்பீடு இல்லாதவர்களைப் பார்க்கும் "பாஸ்" பிரிவு பொது மருத்துவமனையில் உண்டு.

இதற்கு எவ்வளவு எடை என்பதற்கு ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். 2013 செப்டம்பர் 19 அன்று, பிரான்ஸ் திருப்பியனுப்ப இருந்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அனுப்பினால் 3ஆம் பிரிவு மீறப்படும் என்றது. ஒஃப்ராவும் சே.என்.தே.ஆ.வும் அவர் கதையை நம்பவில்லை. ஆனால் தீக்காயங்களை விவரித்த மருத்துவச் சான்றிதழ் இருந்தது, அந்தக் காயங்கள் எப்படி வந்திருக்கும் என்ற சந்தேகத்தை அரசு தீர்க்கவில்லை. 2008 ஜூலை 17இல் பிரிட்டனுக்கு எதிரான இன்னொரு தமிழர் வழக்கில், முந்தைய கைது, கையெழுத்திட்ட வாக்குமூலம், தழும்பு, இயக்கத்தில் இருந்த உறவினர், சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வந்தது போன்றவற்றைச் சேர்த்துத்தான் ஆபத்தை எடைபோட வேண்டும் என்றார்கள். உங்கள் தம்பிக்கு இவற்றில் எவை பொருந்தும் என்று வழக்கறிஞருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

சிங்களக் கடிதத்தைத் தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்து "சுமாராக" மொழிபெயர்க்காதீர்கள். சிங்களத்துக்கான சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ரீயூனியனில் கிடைக்காவிட்டால் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ளவருக்கு ஸ்கேன் அனுப்பலாம். கடிதம் வந்த உறையை முத்திரையோடு வைத்திருங்கள். யார் அனுப்பினார், அவர் கைக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதி வாங்குங்கள். விதானையார் (கிராம அலுவலர்) கடிதம், கோயில் தலைவர் கடிதம் எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே வாசகமாக இருந்தால் நீதிபதி மொத்தத்தையும் தள்ளிவிடுவார்.

பெயரைச் சரிபாருங்கள். தகப்பன் பெயர் ஒரு தாளில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் நிற்கும், ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிறப்புச் சான்றிதழை வைத்து மனுவிலேயே ஒரு வரி விளக்கிவிடுங்கள்.

சாந்தாந்திரே குமரன்:

மலர்விழி, ஐயா, இருவருக்கும் நன்றி. கடிதத்தில் ஒரு மாதம் என்றுதான் இருக்கிறது, கெடு தீரவில்லை. மனுவை இந்த வாரமே போட்டுவிடுகிறோம். அந்தப் புதிய கடிதத்தை வைத்து ஒஃப்ராவிடம் மறுபடி கேட்கலாமா? வானொலி பற்றியும் சொல்லுங்கள்.

அருளம்மா, சான் பியேர்:

தம்பி, மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் புதிய விஷயம் வேண்டும்: சே.என்.தே.ஆ. தீர்ப்புக்குப் பின் நடந்தது, அல்லது அதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாதது. பொலிஸ் கடிதத்தின் தேதி தீர்ப்புக்குப் பிந்தியதென்றால் வழி உண்டு. பழைய தழும்பு மட்டும் போதாது. பிரெஃபெக்சூரில் பதிந்தபின் ஒஃப்ராவுக்குப் படிவம் அனுப்ப 8 நாள்தான் தருவார்கள். முதல் தடவைபோல 21 நாள் இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பு கைக்கு வந்தபின் பதியுங்கள். இதை நம்பி நீதிமன்ற வழக்கை விட்டுவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

வானொலி வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பெயர், படம், ஊர், எந்த இயக்கத்தோடு தொடர்பு என்பதெல்லாம் ஒருமுறை வெளியானால் இணையத்தில் நிற்கும். ஊரிலிருக்கும் தாய் தகப்பனைத் தேடி யார் வருவார்களோ தெரியாது. 2018, 2019இல் படகில் வந்தவர்களில் பலர் சிறப்பு விமானத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டதை மறக்க வேண்டாம். இவரும் ஒருவேளை போக நேர்ந்தால், நாம் பேசியதெல்லாம் அவருக்கு முன்னால் அங்கே போயிருக்கும். பாஸ்போர்ட்டுக்காக இலங்கைத் தூதரகத்தை அணுகவும் வேண்டாம். அது புகலிடக் கோரிக்கையையே பலவீனப்படுத்தும், நாடுகடத்தத் தேவையான பயணத்தாளையும் நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

ஊராகச் செய்ய வேண்டியது சாட்சிக் கடிதங்கள். ஆயிரம் கையெழுத்தைவிட ஒழுங்காக எழுதிய பத்துக் கடிதங்கள் வலிமையானவை. 11527 எண் கொண்ட படிவம் இருக்கிறது: கையால் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, அடையாள அட்டை நகல் இணைக்க வேண்டும். "நல்ல பையன்" என்று எழுதாமல் எப்போதிருந்து தெரியும், வாரத்தில் எந்த நாள் என்ன செய்கிறார், பிரெஞ்சு எவ்வளவு பேசுகிறார் என்று எழுதச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியர் வருகைப் பதிவேட்டின் நகல் தரட்டும். குடும்பம், பிள்ளைகள் இங்கே இருந்தால் குடும்ப வாழ்க்கையைக் காக்கும் 8ஆம் பிரிவுக்கு இவை மிகவும் உதவும். தனி ஆளுக்கு இது துணைவாதம்தான், 3ஆம் பிரிவே முதன்மை. பிரெஃபேயிடம் கருணை அடிப்படையில் வதிவிட அனுமதி கேட்பதும் இப்போது கடினமாகியிருக்கிறது. 2012 சுற்றறிக்கையில் பொதுவாக 5 ஆண்டு இருப்பைப் பார்த்தார்கள், 2025 ஜனவரியில் வந்ததில் அது 7 ஆகிவிட்டது.

பணம்: வழக்கறிஞர் செலவுக்கு அரசு உதவி உண்டு. நீங்கள் திரட்டுவது மொழிபெயர்ப்புக்கும் பயணத்துக்கும் போதும். தனியாள் கையில் வாங்காமல் சங்கக் கணக்கில் வாங்கி ரசீது கொடுங்கள். "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்று பணம் கேட்பவரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். அகதிகளுக்கு உதவும் சிமாட் அமைப்பு, மனித உரிமைக் கழகம் இரண்டும் தீவில் இயங்குகின்றன, ஆலோசனைக்குக் காசு கேட்பதில்லை.

மலர்விழி, சான் தெனி:

அருளம்மா சொன்னதோடு ஒன்று. வழக்குப் பதிந்த ரசீதின் நகல் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும், வழக்கறிஞர் எண்ணோடு. பொலிஸ் பிடித்தால் உடனே யாரிடம் சொல்வது என்று மூன்று பேரை இப்போதே முடிவு செய்யுங்கள், அதில் ஒருவராவது தமிழும் பிரெஞ்சும் தெரிந்தவராக இருக்க வேண்டும். தடுப்பு மையத்தில் அடைத்தால் 48 மணி நேரக் கெடு ஓடத் தொடங்கும், அங்கே புகலிடம் கேட்க 5 நாள்தான்.

எல்லா வழக்கும் தோற்று விமானத் தேதியும் தெரிந்துவிட்டால், ஸ்ட்ராஸ்பூர்க்கிடம் 39ஆம் விதியின்படி இடைக்காலத் தடை கேட்கலாம். அதற்கு உள்நாட்டு வழக்குகளைப் போட்டு முடித்திருக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழும் தீர்ப்பு நகல்களும் சேர்த்து அனுப்ப வேண்டும். விமானத்தில் ஏற மறுக்கச் சொல்லி யாரும் அவருக்கு ஆலோசனை சொல்லாதீர்கள். அது 3 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம், தண்டனை அனுபவிப்பவர் அவர்தான்.

மனுவில் "இலங்கைத் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று எழுதிவிடுங்கள், விசாரணை நாளன்று கேட்டால் கிடைக்காது.