தச்சரான தந்தையின் வாழ்வை எப்படி எழுதுவது?

கேள்வி: மரவேலையிலேயே வாழ்ந்த என் தந்தை சென்ற மாதம் மறைந்தார். அவர் விண்மீன்களைப் பார்ப்பார், தேனீ வளர்ப்பார், புல்லாங்குழலும் வாசிப்பார். நினைவுக் குறிப்பில் தொழிலையும் இந்த ஆர்வங்களையும் தனித்தனியாக எழுதுவதா, சேர்த்து எழுதுவதா?

மறுமொழி 1: சேர்த்தே எழுதுங்கள். ஜான் ஹாரிசன் (1693–1776) தச்சராகத் தொடங்கியவர். தேவாலயப் பாடகர் குழுவையும் பயிற்றுவித்த அவர், மரத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்ததால் ஓக் மரச் சக்கரங்களைக் கொண்டே முதல் கடிகாரங்களை அமைத்தார், பின்னர் கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் கடிகாரத்தையும் படைத்தார். அங்கே தொழில் எது, ஆர்வம் எது?

மறுமொழி 2: உளிப்பிடியின் தேய்மானத்திலிருந்து தொடங்கலாம். தேனீப் பெட்டிகளை அவரே செய்தாரா?

கேள்வி கேட்டவர்: ஆம். தேனீக்கள் நடமாட ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இடைவெளி அமையும்வரை சட்டங்களை இழைப்புளியால் சீவிக்கொண்டே இருப்பார். அதையே முதல் வரியாக எழுதுகிறேன்.