ஐரோப்பால கிறிஸ்தவ சபைய விட்டு விலகுறவங்க: உங்க ஊர்ல பாத்ததைச் சொல்லுங்க

ஐரோப்பால எல்லாரும் நாத்திகமாயிட்டாங்கன்னு பொத்தாம்பொதுவா சொல்றாங்க, ஜெர்மனில கொலோன்ல நான் பாத்தது வேற மாதிரி. நான் தூத்துக்குடி பக்கம், ஆர்.சி. இங்க அட்ரஸ் பதியும்போது மதம்னு ஒரு கட்டம் இருக்கும், கத்தோலிக்னு போட்டா சம்பள ஸ்லிப்ல சர்ச் வரின்னு தனியா விழும், வருமான வரில 9 சதவீதம், பவேரியா பக்கம் 8. அரசாங்கமே பிடிச்சு சபைக்குக் குடுத்துரும். உண்டியல்ல இஷ்டப்பட்டதைப் போட்டுப் பழகின நமக்கு முதல்ல திக்குனுதான் இருக்கும்.

வேண்டாம், சபைய விட்டு விலகிக்கிறேன்னா ஃபாதர்ட்ட போக வேண்டியதில்ல, கோர்ட்டுக்குப் போகணும். கூட வேலை பாக்குறவர் மதியம் சாப்பாட்டு நேரத்துல ஐடி கார்டு, 30 யூரோ, ஒரு கையெழுத்துன்னு முடிச்சுட்டு வந்து ரெண்டு மணி மீட்டிங்ல உக்காந்துட்டார். சாமி இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்களான்னா, அதப்பத்தி நினைக்கிறதே இல்லப்பாங்கிறார். அவங்கம்மா கதை வேற, வாராவாரம் பூசைக்குப் போனவங்க, 2021ல இந்த மறைமாவட்டத்துல பிள்ளைங்களுக்கு நடந்த கொடுமையப் பத்தி அறிக்கை வந்தப்ப வயிறு எரிஞ்சு விலகினாங்க, அப்ப கோர்ட்ல அப்பாயின்ட்மென்ட்டே குதிரைக் கொம்பு. 2022ல நாடு முழுக்க கத்தோலிக்க சபைய விட்டுப் போனவங்க 5 லட்சத்து 22 ஆயிரம், அதுல இந்தம்மாவும் அவர் மகனும் மாதிரி ஆளுங்க ஒரே கணக்குல வர்றாங்க, அதான் எனக்கு உறுத்துது.

ஆனா நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளுக்கு அதே மனுசன் மகளோட லாந்தர் தூக்கிட்டு வந்து எல்லாப் பாட்டையும் மனப்பாடமா பாடுறார், பக்கத்துல துருக்கிப் பிள்ளைங்களும் என் பையனும். விபூதிப் புதனன்னைக்கு மீனுதான். அவரோட அக்கா குழந்தைக்கு ஞானத்தகப்பனா நிக்க முடியாது, விலகிட்டீங்கன்னு பங்குல சொன்னப்பதான் மனுசன் முகம் சுண்டிப் போச்சு. இப்ப அந்த அக்கா என்னை நிக்கச் சொல்லிக் கேக்குறாங்க, வரி கட்டுறவன் நான்தானே!

பதில்:
அண்ணே, நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன். இங்க வரியும் இல்ல, கையெழுத்தும் இல்ல, சும்மா போறத நிறுத்திருவாங்க, சென்சஸ் எடுத்தாதான் தெரியும். இங்கிலாந்து, வேல்ஸ் சேத்து 2011ல 59.3 சதவீதம் கிறிஸ்தவங்கன்னு போட்டாங்க, 2021ல 46.2. ஒரு விஷயத்துக்கு மட்டும் கூட்டம் வரும், சர்ச் ஸ்கூல் சீட். எங்க தெருல ஒரு குடும்பம் ஞாயிறு தவறாம வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாங்க, பையனுக்கு சீட் கிடைச்ச வாரத்தோட ஆளைக் காணோம்.