ரோடு பைக் ஹேண்டில்பார்: 40 செ.மீ. அகலம் வாங்குவதா, 42 வாங்குவதா? அவசரம்

ஈசிஆர்_காலை
அனைவருக்கும் வணக்கம். என் ரோடு பைக்கின் ஹேண்டில்பாரை மாற்றலாம் என்றிருக்கிறேன். நீண்ட தூரம் ஓட்டினால் கை மரத்துப் போகிறது. இப்போதிருப்பது எனக்கு அகலம் அதிகம் என்று உடன் ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதம் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) வருவதால் இன்றிரவே ஆர்டர் போட்டாக வேண்டும். 40 வாங்குவதா, 42 வாங்குவதா?

மலைச்சாலை
இப்போதிருக்கும் பாரின் அகலம் என்ன, உங்கள் தோள் அகலம் என்ன என்ற இரண்டும் தெரியாமல் யாரும் விடை சொல்ல முடியாது, நண்பரே. கை மரக்கிறது என்றால் எந்த விரல்கள் என்பதையும் எழுதுங்கள்.

தோள்_அளவு
தோள் எலும்புதான் அடிப்படை. சுவரில் முதுகு ஒட்ட இயல்பாக நின்றுகொண்டு, தோளின் மேற்புறம் வெளி ஓரமாகத் தட்டுப்படும் எலும்பு முனை இரண்டையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடைப்பட்ட நேர்த்தூரத்தை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். டேப்பை உடம்பின் வளைவோடு ஒட்டிப் பிடித்தால் கூடுதலாகக் காட்டும். சட்டைக்குத் தையற்காரர் எடுக்கும் தோள் அளவு இதற்கு உதவாது. 40 வந்தால் 40 வாங்குங்கள்.

எதிர்காற்று
தோள் அளவு என்பது பழைய காலத்து விதி. மகாபலிபுரம் பக்கம் கடற்காற்றை எதிர்த்து ஓட்டுபவருக்கு, காற்றில் படும் உடற்பரப்பைக் குறைப்பதைப் போலச் செலவில்லாத லாபம் வேறில்லை. பந்தய வீரர்கள் பலரும் தோளை விடக் குறுகலான பாருக்கு மாறியது இதனால்தான். யோசிக்காமல் 38 வாங்குங்கள்.

பழைய_சங்கிலி
40, 42, 38 என்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறீர்களே தவிர, அந்த எண் எங்கிருந்து எங்கு வரை அளந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இதே கேள்விக்கு இதே பகுதியில் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. சில நிறுவனங்கள் குழாயின் மையத்திலிருந்து மையத்திற்கு அளக்கின்றன, சில வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பிற்கு அளக்கின்றன. குழாயின் விட்டம் ஏறத்தாழ 24 மி.மீ. என்பதால், மையக்கணக்கில் 42 என்பது வெளிக்கணக்கில் 44-ஐயும் தாண்டும். மேலும், கீழ்நோக்கி விரியும் பார்களில் ஹூட் (பிரேக் நெம்புகோலின் மேல் கை வைக்கும் பிடி) இருக்கும் இடத்தில் ஓர் அகலமும் டிராப் (கீழே வளைந்திறங்கும் பகுதி) நுனியில் வேறோர் அகலமும் இருக்கும். நாம் பெரும்பாலான நேரம் கை வைப்பது ஹூட்டில்தான். பார்க்க வேண்டிய எண் அதுவே.

மலைச்சாலை
தகவல் சரியானது, ஐயா. ஆனால் புதிதாகக் கேட்பவரிடம் சற்றுக் கனிவாகச் சொல்லியிருக்கலாம்.

எதிர்காற்று அவர்களே, 200 கி.மீ. பி.ஆர்.எம்.முக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் இருக்கிறது. அங்கே கையும் கழுத்தும் தாங்குவதுதான் முக்கியம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பாருங்கள்: குறுகலான பாரில் சிறு அசைவுக்கும் முன்சக்கரம் சட்டென்று திரும்பிவிடும், அகலமான பார்தான் நிதானம் கொடுக்கும்.

எதிர்காற்று
ஈசிஆரில் ஏது கொண்டை ஊசி வளைவு? தவிர, குறுகலான பார் ஆபத்தானது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பழகிய கைக்கு அது இயல்பாகிவிடும்.

தோள்_அளவு
அப்படியென்றால் உலக மிதிவண்டிச் சங்கமான யு.சி.ஐ. ஏன் எல்லை வகுத்தது? 2023-இல் 35 செ.மீ. என்று குறைந்தபட்ச அகலம் வைத்தார்கள். 2026 முதல் அதை 40 செ.மீ. ஆக்குவதாக 2025-இல் அறிவித்தார்கள்.

எதிர்காற்று
அந்த அறிவிப்பைப் பெண் வீராங்கனைகள் எதிர்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறுகிய தோள் உடையவர் தன் உடலுக்குப் பொருந்தாத பாரைப் பிடித்துப் பந்தயம் ஓட்டுவது எப்படிப் பாதுகாப்பாகும்? தோள் அளவே அடிப்படை என்று சொல்லும் நீங்கள்தான் இதை முதலில் எதிர்த்திருக்க வேண்டும்.

பழைய_சங்கிலி
அந்த 40 வெளிவிளிம்புக் கணக்கு. மையக்கணக்கில் 38 உள்ள பார் அந்தக் குறைந்தபட்ச அளவை எட்டிவிடும், 36 எட்டாது. பி.ஆர்.எம். பந்தயமே அல்ல என்பதால் இந்த வாதம் கேட்டவருக்கு எவ்வகையிலும் பயன்படாது.

ஈசிஆர்_காலை
தாமதத்திற்கு மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்தேன். தோள் எலும்பு அளவு 40 செ.மீ. வருகிறது. பாரின் அடியில் 44 என்று அச்சிட்டிருக்கிறது. ஹூட் இடத்தில் வெளிவிளிம்பு வரை அளந்தாலும் 44-தான். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கின்றன.

மலைச்சாலை
இப்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. உங்கள் 44 மையக்கணக்கில் 42-க்குச் சற்றுக் குறைவு. உங்கள் தோளுக்கு அது பெரிய பிழை அல்ல. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரப்பது, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டில் ஓடும் நரம்பு அழுந்துவதால் வருவது. உடல் எடை கைகளின் மேல் அதிகம் இறங்கினால் அந்த நரம்பு அழுந்தும். சேடிலின் (இருக்கையின்) மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலோ, பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் நீளமாக இருந்து உங்களை முன்னால் இழுத்தாலோ, எந்த அகலத்தில் பார் மாட்டினாலும் கை மரக்கும். முதலில் சேடிலை மட்டம் பார்த்து நிறுத்துங்கள், ஹூட்டைப் பிடிக்கையில் மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடிந்து நிற்காதபடி கவனியுங்கள், கையை அடிக்கடி இடம் மாற்றுங்கள். ஓட்டி முடித்த பிறகும் மரமரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

பட்டறை_மேசை
மாற்றுவதென்றே முடிவு செய்தால் ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதியின் விட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலும் 31.8 மி.மீ.; பழைய வண்டிகளில் 26 அல்லது 25.4 இருக்கும். பாரின் மேல் சுற்றும் டேப்பும் புதிதாக வாங்க வேண்டும். பிரேக் குழாய்கள் பாருக்குள்ளே ஓடும் வண்டியாக இருந்தால், பயணத்துக்கு முந்தைய வாரத்தில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

தோள்_அளவு
மையக்கணக்கில் 40, அவசரமில்லாமல். என் கருத்தில் மாற்றமில்லை.

எதிர்காற்று
38-ஐ ஒருமுறை யாரிடமாவது இரவல் வாங்கியாவது ஓட்டிப் பாருங்கள்.

ஈசிஆர்_காலை
ஆர்டர் போடவில்லை. சேடிலின் மூக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. மட்டமாக்கிய பிறகு மோதிர விரல் மரப்பதில்லை, சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. பி.ஆர்.எம். முடிந்ததும் மையக்கணக்கில் 40 பார்க்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பழைய_சங்கிலி
ஸ்டெம் நீளம் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.