தம்பியின் பரிசோதனை முடிவு

நான்: எல்லோருக்கும் வணக்கம். கொழும்பிலிருந்து எங்கள் மகன் தம்பியின் பரம்பரையலகுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வலிப்பு, முடி கொட்டுதல், காது கேளாமை யாவும் ஒரே நோயின் வேலை என்றுதான் இதுவரை எண்ணியிருந்தோம். ஆனால் ஒரு விற்றமினை உடம்பு மீளப் பயன்படுத்த முடியாத பயோட்டினிடேஸ் குறைபாடு, உட்காதுக்கு வேண்டிய கொனெக்சின் 26 என்ற புரதத்தின் பழுதால் வந்த கேளாமை, செங்குழியங்களைக் காக்கும் நொதியான ஜி6பிடியின் குறைபாடு என, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இருக்கின்றனவாம்.

பெரியப்பா: பிள்ளை, மூன்றுக்கும் மூலமான நோய் எது? அதற்கு வைத்தியம் செய்தால் மற்றவை அடங்காதா?

நான்: மூலம் என்று ஒன்றில்லை, பெரியப்பா. முதலாவது, பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 3 ஆவதிலும், கேளாமை 13 ஆம் நிறமூர்த்தத்திலும், கடைசி எக்ஸ் நிறமூர்த்தத்திலும் உள்ள பிழைகள். வலிப்பையும் முடி கொட்டுதலையும் தந்த முதலாவதற்கு, ஆயுள் முழுவதும் நாள்தோறும் பயோட்டின் என்ற விற்றமின் கொடுக்க வேண்டும். காது அதனால் திரும்பாது. கேட்க உதவும்படி உட்காதில் பொருத்தும் கொக்லியர் கருவி பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

அண்ணா (ரொறன்ரோ): தங்கச்சி, 2017 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இத்தகைய பரிசோதனையால் நோய் உறுதியான 2,076 பேரில் 101 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பரம்பரை நோய்கள் இருந்தன. எங்கள் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

மாமி: மச்சானுக்கும் மச்சாளுக்கும் சாதகம் பொருந்துகிறது என்று முடித்து வைத்தவள் நான்தானே.

நான்: மாமி, முதலிரண்டும் எங்கள் இருவரிடமும் மறைந்திருந்தவை, சொந்தத்துக்குள் முடித்ததால் அவை ஒன்றுசேரும் வாய்ப்புக் கூடியது உண்மைதான், அதை உங்களுக்காக மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மூன்றாவது, அதுவொன்றும் அவ்வளவு அரிதான நோயுமல்ல, என் வழியாக மட்டும் வந்தது. பிறத்தியில் முடித்திருந்தாலும் வந்திருக்கலாம். இனிப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிரண்டில் ஒவ்வொன்றும் வர நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டும் சேர்ந்து வரப் பதினாறில் ஒன்று. அது நாங்கள் இருவரும் ஆறுதலாக யோசிக்க வேண்டிய விடயம். உங்களிடம் இப்போது கேட்பது, அலுமாரியில் உடுப்புகளுக்கிடையில் போட்டிருக்கும் நப்தலின் உருண்டைகளை அகற்றிவிடுங்கள் என்பதுதான். ஜி6பிடி குறைந்த பிள்ளைக்கு அதனால் செங்குழியங்கள் உடைந்து மஞ்சட்காமாலை வரலாம்.

பெரியப்பா: காய்ச்சலென்றால் கடையில் மருந்து வாங்கலாமா?

நான்: கேட்காமல் வாங்க வேண்டாம். தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைக் கிளினிக் கொப்பியில் ஒட்டியிருக்கிறேன். எந்த வைத்தியரிடம் போனாலும் அதை முதலில் காட்டுங்கள்.

மாமி: உருண்டைகளை இன்றே எடுத்துவிடுகிறேன். உடம்பு தேறட்டும் என்று பாலில் பச்சை முட்டை அடித்துக் கொடுக்க எண்ணியிருந்தேன்.

நான்: பச்சை முட்டை வேண்டாம், மாமி. அதன் வெள்ளைக்கரு பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாக அவித்துக் கொடுங்கள்.