துருவப் பனியை உருக்கினால் செவ்வாய் வாழத் தகுந்ததாகிவிடுமா?

அடையாறு_மன்றம்:
எங்கள் அறிவியல் மன்றத்துக்காகச் செவ்வாய் மாதிரி ஒன்று செய்கிறோம். "துருவப் பனியை உருக்கினால் போதும், காற்று தானே சேர்ந்துவிடும்" என்று பலகைக்கு எழுதி வந்திருக்கிறது. அப்படியே போடலாமா?

வளிக்கணக்கு:
வேண்டாம் தம்பி. செவ்வாயில் சராசரிக் காற்றழுத்தம் 6 மில்லிபார். நம்ம மெரினாவில் 1013. பனி, மண், தாது என எட்டக்கூடிய கரியமில வாயுவை எல்லாம் திரட்டினாலும் சுமார் 20 மில்லிபார்தான் தேறும் என்று 2018-ல் ஜகோஸ்கி, எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அழுத்தம் 63 மில்லிபாருக்குக் கீழே போனால் உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும்.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 0.38 பங்குதான் என்பதால் அழுத்தம் கொடுக்க அதிகக் காற்று வேண்டும். 1 பாருக்கு (1000 மில்லிபார்) பூமியில் சதுர மீட்டருக்கு 10 டன் காற்று போதும். செவ்வாயில் 27 டன். பலகையில் இதைப் பெரிதாகப் போடுங்கள்.

கூரைவேலை:
அதனால்தான் கிரகத்தை விட்டுவிட்டு ஓர் இடத்தை மட்டும் மூடச் சொல்கிறார்கள். 2 முதல் 3 செ.மீ. சிலிக்கா ஏரோஜெல் (காற்று நிறைந்த, மிக லேசான திடப்பொருள்) வெளிச்சத்தை விடும், புற ஊதாவைத் தடுக்கும், அடியில் வெப்பநிலையை இருப்பதைவிட 50 டிகிரி வரை கூட்டும் என்று 2019-ல் வேர்ட்ஸ்வொர்த் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது.

ஆனால் ஏரோஜெல் நொறுங்கும், இழுவிசை தாங்காது. உள்ளே 100 மில்லிபார் வைத்தாலே ஒவ்வொரு சதுர மீட்டரையும் கிட்டத்தட்ட 1 டன் பாரத்துக்குச் சமமான விசை மேலே தள்ளும். மண் கொட்டி அமுக்கினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும். அப்புறம் வெளிச்சம் எப்படி வரும்? கெட்டியான ஒளிபுகும் படலம் இரண்டுக்கு நடுவே ஏரோஜெல்லை வைத்து, வடம் கட்டித் தரையில் நங்கூரமிட வேண்டும். தரைக்கடியில் பனி இருந்தால் சூட்டில் இளகி நங்கூரம் பிடி விடும். இடம் தேர்வதில் முதல் சோதனை அதுதான்.

உவர்மண்:
மண்ணையும் மறக்காதீங்க. 2008-ல் செவ்வாயில் இறங்கிய பீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டுபிடித்தது, எடையில் அரை சதவீதம் அளவில். தைராய்டைக் கெடுக்கும், கீரை இலைகளில் சேரும். நீரில் நன்றாகக் கரைவதால் உவர் நிலத்தைக் கழுவுகிற மாதிரி, அடியில் வடிகால் வைத்த தொட்டியில் கழுவலாம். வடிந்த நீரை நெம்மேலியில் கடல்நீருக்குச் செய்வதுபோல் ஆர்ஓ சவ்வில் அழுத்தி மீட்கலாம். மிஞ்சும் உப்புக் கரைசலைத் தனியாகப் பூட்டி வைக்கணும். மண்ணில் திரும்பக் கசிந்தால் கழுவியது அத்தனையும் வீண்.

அடையாறு_மன்றம்:
நன்றி. செவ்வாயின் ஆழமான ஹெல்லாஸ் பள்ளத்தில் வைத்தால் கூரை தேவைப்படாதா?

கூரைவேலை:
அதன் அடி 7 கி.மீ. ஆழம், அழுத்தம் சராசரியைவிட இரட்டிப்பு. அப்படியும் 12 மில்லிபார் அளவுதான். கூரை வேண்டும். மாதிரியில் வடங்கள் கண்ணில் படும்படி சிவப்பு நூலில் கட்டுங்க.