அப்பாவின் தட்டில் ஐந்து வரி அட்டை: எதைத் தளர்த்தலாம்?

கேள்வி

அப்பாவுக்கு 68 வயது. பக்கவாதம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். சர்க்கரை பல வருடமாக இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். சிறுநீரகமும் நான்கு வருடமாகச் சரியில்லை; ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 3.1, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டோடு ஒரு அட்டை வருகிறது. அதில் ஐந்து வரி: உணவு நிலை 4, திரவம் நிலை 2, உப்பு குறைவு, பொட்டாசியம் குறைவு, சர்க்கரை நோயாளி உணவு. தட்டில் வருவதோ நிறமே இல்லாத மசியல். தண்ணீரில்கூட ஏதோ பொடியைக் கலந்து கெட்டியாக்கித் தருகிறார்கள். பாதிக்கு மேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் சிறுநீரக நோயாளிதான், அவருக்குத் தினமும் இரண்டு முட்டை. ஏன் என்று கேட்டால் "அவருக்கு வேறு டயட்" என்பதோடு சரி.

நேற்று யாரும் பார்க்காத நேரத்தில் நான்கு கரண்டி ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தேன். இருமலே வரவில்லை, ஆசையாகக் குடித்தார். அப்படியென்றால் விழுங்குவது சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? டாக்டரிடம் பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

ஜூஸ் கொடுத்ததை முதலில் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், பரவாயில்லை. என் மாமியாருக்கு நாங்கள் இதையே செய்து, மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தபோது வாயைத் திறக்காமல் நின்றோம்.

பதில் 2

மருத்துவமனை டயட்டீஷியனாக 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன் தம்பி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருமல் வராததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நமக்குப் புரையேறினால் இருமி வெளியே தள்ளிவிடுவோம். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குத் தொண்டையின் உணர்வே மங்கிவிடும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் எழாது, முகம் மாறாது. நுரையீரலில் நிமோனியா வந்த பிறகுதான் தெரியும். ஆகவே அவருக்கு விழுங்க வருகிறதா என்று நீங்களும் நானும் பார்த்துச் சொல்ல முடியாது. பேச்சோடு விழுங்குவதையும் பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இன்றும் நாளையும் காய்ச்சல், மூச்சு வாங்குதல், தொண்டையில் நீர் நின்றது போன்ற குரல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. அந்த ஜூஸ் நீர்த்தது, பொட்டாசியம் நிறைந்தது, சர்க்கரையும் உள்ளது. ஒரே கரண்டியில் மூன்று வரியை மீறியிருக்கிறீர்கள்! உங்களைக் குறை சொல்லவில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லாமல் போனது எங்கள் ஆட்களின் தப்பு.

நிலை எண்கள் பற்றி. முன்பெல்லாம் "மென்மையான உணவு" என்று எழுதி அனுப்புவோம். என் வேலையின் இரண்டாம் வருடம், விழுங்கச் சிரமப்பட்ட ஒரு பாட்டிக்கு அப்படித்தான் எழுதினேன். சமையலறையிலிருந்து ரொட்டித் துண்டு வந்தது. கையால் அழுத்திப் பார்த்தால் மென்மைதான், ஆனால் வாயில் பிசினாக ஒட்டும். ஒரு நர்ஸ் பார்த்துப் பிடுங்கியதால் தப்பினோம். இந்தக் குழப்பத்துக்காகவே ஐ.டி.டி.எஸ்.ஐ என்ற சர்வதேச முயற்சி 2013இல் தொடங்கி, 0 முதல் 7 வரை நிலைகளை வகுத்தது. தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. உங்கள் அப்பாவின் நிலை 4 என்றால் மெல்லத் தேவையில்லாத, கட்டியில்லாத மசியல். கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாகச் சரிந்து விழ வேண்டும். நிலை 5இல் பெரியவர்களுக்கு 4 மி.மீ. அளவுத் துணுக்குகள் வரலாம். சாதாரண முள்கரண்டியின் பல் இடைவெளி அவ்வளவுதான், அதை வைத்தே அளந்துவிடலாம்.

திரவத்துக்கு 10 மி.லி. சிரிஞ்ச் போதும். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்டு, அடியை விரலால் அடைத்து 10 வரை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து வினாடி ஒழுக விடுங்கள். 4 முதல் 8 மி.லி. மிஞ்சினால் நிலை 2. (சிரிஞ்சில் 0 முதல் 10 வரையிலான கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். எல்லாச் சிரிஞ்சும் அப்படி இல்லை.) ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கெட்டியாகத்தானே இருக்கின்றன என்று ஏமாறாதீர்கள். வாய்ச் சூட்டில் இரண்டும் தண்ணீராகிவிடும்.

பக்கத்துக் கட்டில்காரர் டயாலிசிஸ் செய்துகொள்பவராக இருக்கும். டயாலிசிஸ் தொடங்காதவருக்குச் சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கப் புரதத்தைக் குறைப்பார்கள். சர்க்கரையும் இருந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்பது வழக்கம். டயாலிசிஸில் ஒவ்வொரு முறையும் புரதத்தின் கூறான அமினோ அமிலமும் சேர்ந்து வெளியேறும், அதனால் அவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு முதல் கணக்கில் 36–48 கிராம், இரண்டாவதில் 60–72. ஒரே உறுப்பில் நோய், தட்டு மட்டும் நேர் எதிர்.

அப்பா அட்டையில் புரதம் பற்றி வரியே இல்லை, கவனித்தீர்களா? கடும் நோயோடு படுத்திருப்பவருக்குப் புரதத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்பதுதான் இப்போதைய வழிகாட்டல். அவருக்கும் முட்டை மசித்துத் தர முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம்.

தட்டு பாதி திரும்புவதை யாரிடமாவது சொன்னீர்களா? முழுச் சாப்பாட்டுக்குக் கணக்கிட்டு இன்சுலின் போட்டிருப்பார்கள். சாப்பாடு பாதிதான் போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சிறுநீரகம் கெட்டவரின் உடலில் இன்சுலின் அதிக நேரம் தங்கும், ஆபத்து கூடுதல். ஒவ்வொரு வேளையும் "கால், அரை, முக்கால்" என்று நர்ஸிடம் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் இவருக்கு எதைக் கொடுப்பார்கள் என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். எல்லோரும் பதற்றத்தில் தேடுவது ஆரஞ்சு ஜூஸைத்தான்.

கெட்டித் தண்ணீர் பிடிக்காமல் பலர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். உடல் வறண்டால் அடி மறுபடியும் சிறுநீரகத்துக்குத்தான். எவ்வளவு குடித்தார் என்று ஒரு தாளில் குறியுங்கள்.

கேட்டவர்

நர்ஸிடம் சொல்லிவிட்டேன் அக்கா. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், இப்போதைக்கு ஒன்றுமில்லையாம். உப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே. சப்பென்று இருக்கிறது என்றுதான் தட்டைத் தள்ளுகிறார். தங்கை "குறைந்த சோடியம் உப்பு" ஒரு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறாள். ஒரு சிட்டிகை தூவலாமா?

பதில் 2

வேண்டவே வேண்டாம்! அந்த வகை உப்புகளில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு நல்லதாக இருக்கலாம். சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாதவருக்கு அது ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே குலைக்கும். எலுமிச்சைச் சாறு சில துளி, மிளகுத்தூள், சீரகத்தூள் மசியலில் கலக்கலாமா என்று வார்டு டயட்டீஷியனிடம் கேளுங்கள். உருளைக்கிழங்கு ஆசைப்பட்டால் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டு மசிக்கச் சொல்லுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

உங்கள் இரண்டு நிமிடத்தில் டாக்டரிடம் ஒவ்வொரு வரிக்கும் "எதற்காக, எதுவரை" என்று மட்டும் கேளுங்கள். நிலை 4 அடுத்த சோதனை வரைக்கும்தான் இருக்கலாம். பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையைப் பொறுத்து மாறும். உப்பு வீட்டுக்கும் கூடவே வரும். பத்தியத்தை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. 1915இல் சிப்பி என்ற டாக்டர் வயிற்றுப்புண்காரர்களுக்கு மணிக்கொரு முறை பாலும் கிரீமும் கொடுக்கச் சொன்னார், பல பத்தாண்டுகள் அப்படியே கொடுத்தார்கள். 1980களில் மார்ஷல், வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் காட்டினார்கள். இன்று அந்தப் பால் பத்தியத்தை யாரும் கொடுப்பதில்லை.

கேட்டவர்

கேட்டேன். நேற்று மறுபடி விழுங்கும் சோதனை செய்தார்கள்: உணவு நிலை 5, திரவம் இன்னும் 2தான். பொட்டாசியம் 5.4, அதனால் அந்த வரியும் தொடர்கிறது. காலையில் ஒரு முட்டை, மசித்து, மிளகுத்தூளோடு. தட்டில் முக்கால் போயிற்று, நர்ஸிடம் சொல்லிவிட்டேன். பாக்கெட் உப்பைத் தங்கை தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். டிஸ்சார்ஜ் அன்று அந்தச் சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்க வேண்டும்.